ஏழு மடக்குக் கத்தியும் மூணு பிள்ளையும்

பிரியமானவங்களே, இந்த இடத்துல ஒரு சின்னக் கதையை உங்க முன்னால வச்சிட்டு மேல போறேன். கதைன்னுதான் சொல்றேன்... ஆனா நான் கண்ணால பாத்தது. பேரை மட்டும் மாத்தியிருக்கேன்.

இதுக்கு முந்தி நான் ஊழியம் செஞ்ச சபையில ஞானதுரைன்னு ஒருத்தர் இருந்தார். கப்பல்ல ஃபிட்டரா இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கடலுக்குப் பக்கத்துலயே வீடு. மனுஷனுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது... ஒரே ஒரு பைத்தியம்தான். மடக்குக் கத்தி! கப்பல் நின்ன துறைமுகத்துல எல்லாம் தேடித்தேடி வாங்கினது, மொத்தம் ஏழு. மாட்டுக்கொம்புல பிடி போட்டது ஒண்ணு, பித்தளைப் பிடி ஒண்ணு... திங்கக்கிழமைக்கு ஒண்ணு, செவ்வாய்க்கு ஒண்ணு. அன்னன்னைக்கு உள்ளதுதான் அவர் சட்டைப் பையில இருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, பழம் நறுக்க, சணல் அறுக்க ஒரு கத்தி போதாதா? இருக்கிறதுலயே நல்லதா ஒண்ண வச்சிக்கிட வேண்டியதுதானே?"

"அப்படி இல்லைய்யா. ஒரே கத்தியைத் தினமும் போட்டு அறுத்தா மழுங்கும். மழுங்குனா தீட்டணும். தீட்டத் தீட்ட இரும்புதானே போகுது? நாலு வருஷத்துல அலகு ஈர்க்குச்சி மாதிரி ஆயிரும். மத்த ஆறும் சும்மா கெடந்தா, இந்த உப்புக் காத்துக்குத் துரு ஏறி, கீல் இறுகி, அவசரத்துக்குத் திறக்கவே வராது. உழைக்கிறதுக்கு ஓய்வு வேணும்... கெடக்கிறதுக்கு வேலை வேணும். அதான் முறை வச்சிருக்கேன்."

எவ்வளவு புத்தியான பேச்சு! வீட்டுக்குப் போனதும் டைரியில எழுதி வச்சேன், பிரசங்கத்துக்கு ஆகும்னு. ஆனா இப்படி ஒரு பிரசங்கத்துக்கு ஆகும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது.

அவர் சம்சாரம் எஸ்தரம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பிள்ளைங்க மூணு பேரு. மூத்தவன் ரிச்சர்ட், அடுத்த தெருவுல இருக்கான். கடைக்குட்டி எட்வின், அதே வீட்டு மாடியில இருக்கான். கேட்டுக்கிடுங்க... அதே வீட்டு மாடியில. நடுவுல உள்ளவ ஜெயசீலி. பஸ் பிடிச்சு வரணும். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவளுக்கும் புருஷன் உண்டு, பிள்ளைங்க உண்டு.

யாரு வருவான்னு நினைக்கிறீங்க? ஜெயசீலிதான் வரும். காலையில ஆறு மணிக்கு வந்து, அம்மாவைப் புரட்டி, துடைச்சு, கஞ்சி ஊட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும். சாயங்காலம் திரும்ப வரும். ஏன், மகன்களைக் கூப்பிடலாமேன்னா... "அவனுவளுக்கு என்ன தெரியும்? ஜெயசீலி கை பட்டாத்தான் சரியா வரும்!" ஞானதுரை பெருமையாச் சொல்லுவாரு.

அவரை மட்டும் நான் எப்படிக் குத்தம் சொல்ல? ஞாயிறு பள்ளிக்கு யாரு? ஜெயசீலி. பெண்கள் கூட்டத்துக்கு யாரு? ஜெயசீலி. கிறிஸ்மஸ் நாடகத்துக்கு? "ஜெயசீலிக்கு ஒரு போன் போடுங்க!" போன் போடச் சொன்னது யாரு? இந்தா உங்க முன்னால நிக்கிறேனே... நான்தான்.

ஒருநாள் அந்தப் பிள்ளை அப்பாகிட்ட கேட்டிருக்கு. "அப்பா, இந்த வியாழக்கிழமை மட்டும் எட்வினை அம்மாவைப் பாக்கச் சொல்லுங்க. மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு. டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"அவன் என்னத்தப் பாப்பான்? உனக்கு ஒண்ணும் இருக்காது. அடுத்த வாரம் போயிக்கோம்மா."

அடுத்த வாரமும் அந்தப் பிள்ளை கேட்டுச்சு. அதே பதில். மூணாவது தடவை... கேக்கலை. அதுவே விட்டிருச்சு. அஞ்சு மாசம் கழிச்சு, வலி தாங்காமப் போனப்போ டாக்டர் சொன்னாரு, "முன்னாலயே வந்திருக்கணும்."

சாகிறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அம்மாவைப் பாக்க வந்துச்சு. நாப்பத்திமூணு வயசு. நான்தான் அடக்க ஆராதனை நடத்தினேன்.

மறுநாள் காலையில அந்த வீட்டுக்குப் போனேன். ஆறு மணி ஆச்சு, ஏழு மணி ஆச்சு... எஸ்தரம்மாவைப் புரட்ட ஆள் இல்ல. எட்வின் மாடியில இருந்து இறங்கி வந்தான். அம்மா பக்கத்துல நின்னான். எங்க பிடிச்சுத் தூக்கணும்னு தெரியல. முப்பத்தெட்டு வயசு ஆம்பளை... கையை நீட்டுறான், மடக்குறான்... அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டான். "என்னை ஒருநாள்கூட நீங்க கூப்பிடலையேப்பா... அக்கா இருக்காளே, அக்கா இருக்காளேன்னு நானும் இருந்துட்டேனே..."

ஞானதுரை சுவரைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. பிறகு என்னைப் பாத்துச் சொன்னாரு, "ஏழு இரும்புத் துண்டுக்கு முறை வச்சேன் ஐயா... பெத்த பிள்ளைங்க மூணு பேருக்கு வைக்கலையே."

அந்தப் பிள்ளைக்குப் போன் போடச் சொன்னவன் நானும்தானே? எனக்கே யாராவது ஆறுதல் சொல்லணும் போல இருந்துச்சு.

பிரியமானவங்களே... உங்க வீட்டுலயும் ஒரு பேரு இருக்கு. எந்த வேலைன்னாலும் முதல்ல வாயில வர்ற பேரு. உங்க ஆபீஸ்ல இருக்கு. இந்தச் சபையிலயும் இருக்கு. இப்போ அந்தப் பேரு உங்க மனசுல வந்திருச்சா... இல்லையா? வந்திருக்கும்.

அவங்க கெட்டிக்காரங்க, அதனால கூப்பிடுறோம்னு நினைக்கிறோம். இல்ல. இன்னொருத்தரைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுக்க நமக்குச் சோம்பல். அதனாலதான் கூப்பிடுறோம். அந்தச் சோம்பல்ல ரெண்டு பேரை அழிக்கிறோம். ஒருத்தரை உழைக்க வச்சே அழிக்கிறோம்... இன்னொருத்தரைக் கூப்பிடாமலே அழிக்கிறோம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ஆளைக் கூப்பிடாதீங்க. வேற ஒருத்தரைக் கூப்பிடுங்க. அவருக்கு வேலை வராது, கொட்டுவாரு, உடைப்பாரு... பரவாயில்ல, கூடவே நில்லுங்க. ஏன்னா அந்த முதல் ஆளு இருக்காங்களே, அவங்க முடியலன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. நீங்க எப்போ கூப்பிட்டாலும் வருவாங்க... வர்றாங்கங்கிறதால அவங்களுக்கு முடியுதுன்னு மட்டும் நினைச்சிராதீங்க.