பேஸ்மென்ற் வாசலில் வாகீசன்

— இன்னும் அப்பிடித்தானே, கமலா அன்ரி? ஆர் பெல் அடிச்சாலும் பேஸ்மென்ற் யன்னலாலை காலைப் பாத்துப்போட்டுத்தான் கதவு திறக்கிறது.

— காலைப் பாத்தால் ஆள் தெரியும், வாகீசன். உன்ரை காலைப் பாத்துத்தான் பதறிப்போனன். உந்த ஸ்நோவுக்கை ஆரடா வெறுஞ் செருப்போடை வந்து நிக்கிறது?

— என்னட்டை இருக்கிறது ஆமி பூட்ஸ் மட்டும்தான். காருக்கை கழட்டி வைச்சிட்டு வந்தனான்.

— விசரா! உள்ளுக்கை வா.

— வேண்டாம் அன்ரி. இதிலையே நிண்டு கேக்கிறன். கனடா ஆமியை விட்டிட்டன். இனி இஞ்சை வெக்ஸ்போர்ட்டிலையே இருக்கலாமெண்டு ஆசை. மேலை, என்ரை பழைய அறையிலை. அப்பாவுக்குப் போன் எடுத்தன். "கீழை கமலாம்பிகை ஓம் எண்டால் வா" எண்டார்.

— வீட்டுக்காரன் அவர். வாடகைக்கு இருக்கிறவளிட்டையோ கேக்கச் சொன்னவர்?

— நானும் அதைத்தான் கேட்டன். போனை வைச்சிட்டார். அன்ரி, பிழை என்னிலைதான். ட்ரெயினிங் முடிஞ்ச சந்தோசத்திலை, சப்ரைஸ் எண்டு யூனிபோர்மோடை வந்து உங்கடை கதவைத் தட்டினன். நீங்கள் பின்கதவாலை வெறுங்காலோடை ஓடினது இன்னும் கண்ணுக்கை நிக்குது.

— அண்டைக்கு எனக்கு உன்ரை முகமே தெரியேல்லையடா. "விசாரிச்சிட்டு விடுறம்" எண்டு என்ரை மனிசனை ஊரிலை கூட்டிக்கொண்டு போன ஆமிக்காரங்கள்தான் திரும்ப வந்து நிண்ட மாதிரி.

— அங்கிளுக்கு நடந்தது தெரிஞ்சிருந்தும் நான் யோசிக்கேல்லை. அதாலைதானே அப்பா "இனி இந்த வீட்டுக்கு வராதை" எண்டவர். லீவிலை வந்தாலும் ஒஷாவாவிலை என்ரை சிநேகிதன் ராகுலன்ரை சோபாவிலைதான் படுக்கிறனான். நீங்கள் வேண்டாம் எண்டால் போறன். கோவமில்லை.

— சின்னனிலை உனக்குக் கதை சொல்லித்தான் சோறு தீத்தினனான். ஒண்டு சொல்லட்டே?

— இப்பவோ? காலிலை உணர்ச்சியே இல்லை, அன்ரி.

— அதுக்குத்தானே மாடு, உள்ளுக்கை வா எண்டனான்! ம், அப்பிடி ஹீற்றருக்குக் கிட்ட இரு. ஒரு காகம், மழையிலை நனைஞ்சு வந்த குருவிக்குத் தன்ரை கூட்டிலை இடம் குடுத்துது. காகக் குஞ்சு வளந்து, புதுச் செட்டையைக் காட்டுற ஆசையிலை படபடவெண்டு அடிச்சுது. குருவிக்கு அது முந்தித் தன்ரை சோடியைத் தூக்கின பருந்தின்ரை சத்தமாக் கேட்டுது.

— உடனை காகம் குஞ்சைத் துரத்திச்சுது. இந்தக் கதை எனக்குத் தெரியும், அன்ரி.

— அரைவாசிதான் தெரியும். காகம் துரத்தேல்லை. "உந்தக் குஞ்சு இருந்தால் நான் மழைக்கை போறன்" எண்டு குருவிதான் சொன்னது.

— அன்ரி... நீங்களோ?

— நான்தான். சூட்கேசைக் கட்டிக்கொண்டு உதிலை நிண்டனான். உன்ரை அப்பர் எவ்வளவு கெஞ்சினவர்! போக்கிடம் இல்லாதவளை அனுப்ப மனமில்லாமல் பெத்த பிள்ளையை அனுப்பினவர். ஒரு நாளும் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. மேலை அவர் தனியச் சாப்பிடுற சத்தம் கேக்கும். நான் வாயே திறக்கேல்லை.

— நான் அவரோடை ஒரு தீபாவளிக்குக் கூட ஒழுங்காக் கதைக்கேல்லையே, அன்ரி.

— எழும்பு. ரெண்டு பேருமா மேலை போவம். உன்ரை அறையை நீ ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை எண்டு அவருக்கு முன்னாலை நான் சொல்லவேணும். ஆனால் அதுக்கு முதல் உன்னட்டை நான் ஒண்டு கேக்கவேணும், ராசா. நீ ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. உங்கடை வீட்டிலை நான் இருக்கலாமோ?