பரவாயில்லீங்க

கல்யாணச் சாப்பாட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, சார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மண்டபத்துக்கும் எனக்கும் ஏதோ பகை என்று மேனேஜர் சொன்னதாகச் சொன்னீர்கள். பகை ஒன்றும் இல்லை. அங்கே காலைப் பந்தியில் போடுகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும் சூலூரில் வேறு எங்கும் அப்படி வராது.

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் அமிர்தநாதன். வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். மனைவி சாராள். பிள்ளைகள் இல்லை. திருச்சி ரோட்டிலிருந்து முந்நூறு அடி உள்ளே தள்ளி எங்கள் வீடு. எதிரே மண்டபம் வந்து ஏழு வருடம் ஆகிறது. கட்டும்போது கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்த என்றார்கள். திறந்த அன்றே அங்கே சாப்பாட்டு மேசை போட்டுவிட்டார்கள். வண்டிகள் எங்கள் சந்துக்கு வந்தன.

சாராளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு விடிகாலை ஆறு மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். பத்தரைக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். நாங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அவளுக்கு மூன்று மணி நேரம்தான். இரண்டு தடவை அப்படி ஆனால் கால் வீங்கும். மூன்றாவது தடவை படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முகூர்த்தமும் திங்கள், புதன், வெள்ளியில்தான் நிறைய வரும். அதுவும் ஆறிலிருந்து ஏழரை. சனங்கள் நாலரைக்கே வந்துவிடுவார்கள். ஐந்தே காலுக்கு நான் காரைக் கிளப்பிக் கேட்டைத் திறந்தால், எதிரே ஒரு காரின் கதவு இருக்கும். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம் இருந்தால், அதில் இரண்டு பைக்கைச் செருகியிருப்பார்கள். 'நோ பார்க்கிங்' பலகை வைத்தேன். அதில் ஹெல்மெட் மாட்டினார்கள். அதுவரை பைக் கண்ணாடியில்தான் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, பலகை வசதியாகப் போயிற்று.

காரை முந்தின நாளே வெளியே நிறுத்தலாமே என்று கேட்டீர்கள். நிறுத்திப் பார்த்தேன். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வைத்துப் பூட்டிவிட்டார்கள், பக்கக் கண்ணாடியை ஒரு பைக் கொண்டுபோய்விட்டது. வாடகைக் கார்க்காரர்கள் முகூர்த்த நாளில் இந்தச் சந்துக்குள் வரமாட்டார்கள். மெயின் ரோடு வரை சாராளால் நடக்க முடியாது. எல்லா வழியும் பார்த்தாயிற்று, சார். பூட்டுப் போடாத வீட்டுக்குள் நாங்கள் அடைபட்டுக் கிடந்தோம்.

இதில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. ஒருத்தர்கூட என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. தேடிப் பிடித்து அழைத்து வந்தால், கையைத் துடைத்துக்கொண்டே வருவார்கள். "ஏனுங்க, மன்னிச்சுப்போடுங்க, அஞ்சே நிமிசம்னு நெனச்சனுங்க" என்பார்கள். நானும், "பரவாயில்லீங்க" என்பேன். வேறு என்ன சொல்வது. நம் பக்கம் அதற்குத்தான் நாக்கைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் திட்டினால் திரும்பத் திட்டலாம். கும்பிட்ட கையோடு வழியை அடைக்கிறவரை என்ன செய்வது. வயிறு எரிய எரியப் பல்லைக் காட்டிவிட்டு வருவேன்.

ஒரு தடவை நீல நிற ஜீப் ஒன்றின் சொந்தக்காரரைத் தேடி உள்ளே போனேன். வாசலில் இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெண் வீட்டு ஆளா, மாப்பிள்ளை வீட்டு ஆளா என்று அவருக்குத் தெரியாது.

"வாங்க வாங்க, மொதல்ல கை நனைங்க."

"இல்லீங்க, ஒரு ஜீப்பு எங்க கேட்டுல நிக்குது, அதுக்காக வந்தனுங்க."

"ஜீப்பு எங்கீங்க போயிரும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். இலை போட்டுவிட்டார்கள். பந்தியில் பக்கத்து ஆள் முடிக்கும் முன் எழுந்தால் மரியாதை இல்லை. இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டேன். மைக்கில் ஜீப் நம்பரைச் சொன்னார்கள், நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது சாராள் ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே இருந்தாள். என் சட்டையில் தேங்காய்ப்பால் சிந்தியிருந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல அவமானமாக இருந்தது.

அன்றைக்கு ரோட்டிலும் அதே கதைதான். தாமதமாகிவிட்டதால் ஏழு மணி நெரிசல். சிங்காநல்லூர் வரை பின்னால் ஹாரன். ஒரு திருப்பத்தில் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிய பையன் ஒருத்தன் பைக்கில் தப்பான பக்கத்தில் எதிரே வந்தான். நான் பிரேக் போட்டேன். சாராளின் தலை முன்னால் போய் இடித்தது. அவன் என் பானெட்டை ஒரு தட்டுத் தட்டி, "பாத்து வாங்க பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனும் 'ங்க' போட்டுத்தான் சொன்னான்.

நான் செய்ததற்கு வருகிறேன்.

வீலைப் பற்றி முப்பத்திரண்டு வருடம் தெரிந்தவன் நான். கேட்டை மறித்து நின்ற கார்களின் வீல் நட்டைக் கழற்றவில்லை, தளர்த்தினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தளர்ந்த வீல் சும்மா இருக்காது. வண்டி ஆடும், சத்தம் போடும், ஸ்டியரிங் கையில் நடுங்கும். கவனமான ஆளாக இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் இறங்கிப் பார்ப்பான். பாட்டை அலற விட்டுக்கொண்டு, போனில் பேசிக்கொண்டு, மற்றவன் இருக்கிறானா செத்தானா என்று பார்க்காமல் ஓட்டுகிறவனுக்குத்தான் அது தெரியாமல் போகும். நான் யாரையும் தண்டிக்கவில்லை. யார் எப்படிப்பட்டவர் என்று வண்டியே சொல்லட்டும் என்று விட்டேன்.

முதல் ஆள் சந்து முனையிலேயே நிறுத்தி, குனிந்து பார்த்து, நட்டை முடுக்கிக்கொண்டு போனார். கேட்டில் நின்று பார்த்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நல்ல மனிதர், அவசரத்தில் நிறுத்திவிட்டார் என்று அவரை மன்னித்தேன்.

நீங்கள் ஒரு காரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். மொத்தம் ஒன்பது. மே மாதத்தில் நீலம்பூர் பக்கம் ஒரு கார் தடுப்பில் ஏறிக் கவிழ்ந்து, இரண்டு பேருக்குக் கால் எடுத்தார்கள். அது நான்காவது. பேப்பரில் அதிவேகம் என்று போட்டிருந்தது. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. கார் மறித்திருந்தால் முன்பு போலப் பதறுவதில்லை. உள்ளே போய்த் தேடுவதும் இல்லை. சாராள்கூட ஒரு நாள் சொன்னாள், "இப்பெல்லாம் நீங்க கோவப்படறதே இல்லீங்க. செபத்துக்குப் பலன் கெடைச்சிருச்சு" என்று. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்து வைத்துக்கொள்வேன். அவளுக்கு ஆஸ்பத்திரி இல்லாத வியாழக்கிழமைகளும் அதில் உண்டு. அந்த நாட்களில் நான் வெளியே போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனாலும் கேட் கேட்தானே.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஐந்து மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று கேட்டை முழுக்க மறித்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணின் பெயர் யுவஸ்ரீ என்பதும், கிணத்துக்கடவிலிருந்து அம்மா பூவாத்தாளோடு வந்தாள் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அங்கே நிறுத்தலாமா என்று வாட்ச்மேன் மாசாணத்திடம் அவள் கேட்டிருக்கிறாள். மாசாணம், "தாராளமா நிறுத்துங்க கண்ணு. அந்த ஊட்டுக்காரரு தங்கமான மனுசன். இத்தன வருசத்துல ஒரு சத்தம் போட்டதில்லீங்க" என்றானாம். அவன் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குத்தான் நீங்கள் முறைத்தீர்கள். மற்றவர்களையும் இத்தனை நாள் அவன் இப்படித்தான் என் கேட்டுக்கு அனுப்பியிருக்கிறான். நான் மரியாதையாக நடந்துகொண்டதற்கு எனக்குக் கிடைத்தது அது.

முன் வீலில் வேலையை முடித்தேன். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து சாராளை அழைத்து வந்து காருக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அந்த வாரம் ஏற்கெனவே கால் வீங்கியிருந்தது. திங்களும் புதனும் மணி குறைந்துபோயிருந்தது. "ஒருக்கா உள்ள போயிக் கேட்டுப்போட்டு வாங்களேன்" என்று இரண்டு முறை சொன்னாள். கூட்டத்தில் யாரென்று தேடுவது என்றேன்.

ஏழே முக்காலுக்கு அந்தப் பெண் ஓடி வந்தாள். பட்டுப் புடவை, இருபத்தைந்து வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். நான், "பரவாயில்லீங்க. பாத்துப் போ கண்ணு" என்றேன். ஆமாம், அதைச் சொன்னது நான்தான்.

அம்மா பூவாத்தாளுக்கு நினைவு வந்து சொன்னதையும் வாசித்துக் காட்டினீர்கள். கார் ஆடியதாம். சத்தம் கேட்டதாம். லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. "ரோடு செரியில்லம்மா, மெதுவாவே போலாம்" என்று சொல்லி நாற்பதிலேயே ஓட்டினாளாம். பாட்டு வைக்கவில்லை. போன் பையில் இருந்தது. பைபாஸில் ஒரு பஸ்ஸுக்கு வழி விட ஓரம் கட்டியபோது வீல் கழன்று போனது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தீர்கள். அவள் கவனமாகத்தான் ஓட்டியிருக்கிறாள் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக அந்தத் தாள். என் சட்டைப் பையிலிருந்து எடுத்தீர்கள். கேட்டருகே கிடந்தது, மாலையில் பெருக்கும்போது எடுத்தேன் என்று நேற்றுச் சொன்னேன். அது பொய்.

வைப்பருக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. 'வேறு இடம் கிடைக்கவில்லை. மன்னிக்கவும். கூப்பிட்டால் உடனே வந்து எடுத்துவிடுகிறேன்' என்று எழுதி, கீழே நம்பர். ஒன்பது பேரில் எழுதி வைத்தவள் அவள் ஒருத்திதான். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில், இரண்டு தடவை படித்தேன். என் சட்டைப் பையில் போனும் இருந்தது. அதன் பிறகுதான் உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன்.

கும்பிட்டுவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். "நெம்பர் எழுதி வெச்சிருந்தனுங்களே அங்கிள், பாக்கலீங்களா?" அதற்குத்தான் நான் பரவாயில்லை என்றேன்.

அவள் போனதும் சாராள் கேட்டாள், "நெம்பர் வெச்சிருந்துச்சாமுங்க?"

"காத்துல பறந்திருக்கும்" என்றேன்.

கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பாள். ஆறு மணிக்கு சாராள் மெஷினில் படுத்திருப்பாள், கால் வீக்கம் வடிந்திருக்கும். இதெல்லாம் நான் சாராளுக்காகச் செய்தது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், சார். அன்றைக்கு அந்தக் கார் நகர வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.