மூப்பருக்கு முதல் கிண்ணம்

பன்னீர் திராட்சையை வேகவைக்கும்போது சர்க்கரை சேர்க்கக் கூடாது. பலர் சேர்க்கிறார்கள், சாறு இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது. தண்ணீரும் வேண்டாம். கழுவிய பழத்தில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். தோல் வெடித்ததும் இறக்கி, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிழிந்தால் துவர்ப்பு இறங்கிவிடும். பதினேழு வருடங்களாக எங்கள் கிறிஸ்தவ சபையின் திருவிருந்தில் இயேசுவின் இரத்தமாக நினைத்துக் குடிப்பதற்கு இப்படித்தான் நான் சாறு எடுத்து வருகிறேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்தீர்கள். பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால், மலர்கொடி தன் கணவன் அன்பழகனுக்குக் கலந்து கொடுத்த மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று விளக்கச் சொன்னீர்கள். உங்கள் ரைட்டர் எழுதியதைப் படித்தேன். மனைவி கொடுத்த மாத்திரையின் விஷத்தால் இறந்தார் என்று இருக்கிறது. அது தவறு. தவறான விளக்கத்துக்குக் கீழே ஜெயசீலன் என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. குடித்த சாராயத்தை உடம்பு இரண்டு கட்டமாகக் கரைக்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் இரண்டு ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் மூட்டையை இறக்கி வாசலில் போடுகிறான். இரண்டாம் ஆள் அதை உள்ளே கொண்டுபோகிறான். இந்த மாத்திரை இரண்டாம் ஆளைக் கட்டிப்போட்டுவிடும். முதல் ஆளுக்கு அது தெரியாது, அவன் பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருப்பான். வாசல் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புதான் முகம் சிவப்பது, நெஞ்சு அடித்துக்கொள்வது, குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுப்பது. குடிக்காதவனை மாத்திரை ஒன்றும் செய்யாது. லாரியே வராத வாசலில் எதுவும் அடைக்காது. இதைத்தான் உங்கள் ரைட்டர் விட்டுவிட்டார்.

அன்பழகன் அரியலூர்ப் பக்கம் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டினான். குடித்துவிட்டு மலர்கொடியின் கையை இரண்டு முறை உடைத்திருக்கிறான். இரண்டு முறையும் கட்டுத்துணி என் கடையில்தான் வாங்கினாள். மூன்று வருடங்களுக்கு முன்பு, கடையில் ஆள் இல்லாத மதிய நேரம் பார்த்து வந்தாள்.

"அண்ணே, தெரியாம கொழம்புல கலந்து குடுத்தா குடிய நிறுத்துற மாத்திரை இருக்காமுல்ல?"

"டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாதும்மா."

"சீட்டு வாங்க அவரைல்ல கூட்டிட்டுப் போவணும். அவரு சொன்னவுடனே டாக்டர்கிட்ட வர்ற ஆளா இருந்தா எனக்கு எதுக்குண்ணே மாத்திரை?"

கொடுத்தேன். சட்டப்படி அது குற்றம், குறித்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது.

அந்த வாரமே அவன் குடித்துவிட்டுச் சாவின் விளிம்புவரை போய்வந்தான். மறுநாள் எங்கள் சபையில் உபவாசக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று மலர்கொடி அவனை அழைத்து வந்தாள். பாஸ்டர் எபனேசர் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் குடித்துப் பார்த்தான், மறுபடியும் அதே கதி. அடுத்த ஞாயிறு மைக் முன்னால் நின்று சாட்சி சொன்னான்.

"ஆண்டவரு என் நெஞ்சு மேல கைய வெச்சு அமுக்குனாருங்க. போதும்டா அன்பழகான்னாரு. அன்னையிலேர்ந்து அந்தக் கருமத்த நெனச்சாலே கொமட்டுது."

தகரக் கொட்டகை அதிர அல்லேலூயா சொன்னார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மலர்கொடி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்டவரின் கை பத்துப் பத்தாக அட்டையில் வருகிறது என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் உபதேசத்தையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மனிதன் தன் முயற்சியால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. கடவுள் இலவசமாகக் காப்பாற்றுகிறார், அது கிருபை. அதை வாங்க நீட்டும் கை விசுவாசம். நல்ல செயல்கள் அதற்குப் பிறகு தாமாகக் காய்க்கும், ஆனால் அவற்றைக் காட்டி எதையும் கேட்க முடியாது. மனிதனுக்கென்று மிஞ்சுவது சுயசித்தம், அதாவது வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளும் உரிமை. ஞானஸ்நானம் எடுக்க வருகிறவர்களுக்குப் பதினொரு வருடங்களாக இதை நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். என்னைப்போல விளங்கச் சொல்ல ஆளில்லை என்று பாஸ்டரே சொல்வார். ஒரு எந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அதன் கோளாறும் தெரியும். இந்த ஏற்பாட்டில் உழைத்தவன் எங்கேயுமே தென்படுவதில்லை.

கொட்டகைக்குத் தகரம் ஏற்றிய நாளிலிருந்து நான் இருக்கிறேன். பாய் விரிப்பது, கூட்டுவது, சாறு எடுப்பது எல்லாம் நான். ஒரு சொட்டு குடித்ததில்லை, மனைவிமேல் ஒரு நாள்கூடக் கைநீட்டியதில்லை. ஒருநாள் பாஸ்டரிடம் கேட்டேன்.

"அப்ப எனக்கும் அவனுக்கும் ஒரே எடம்தானா பாஸ்டர்?"

"ஒரே எடம்தாண்ணே." சிரித்தார். "சொல்லப்போனா, நாம போறப்ப அவரு முன்னாடியே போயி நமக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சிருப்பாரு."

நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார். பேருந்து இருக்கைக்குத் துண்டு போடும் கூட்டத்துக்கு மோட்சமும் அப்படித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒரு சோதனை என்றே சொல்வேன். மலர்கொடிக்கு அதே நிறத்தில், அதே அளவில் சாதாரணச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தேன். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "அண்ணே, இது வேற மாதிரி இருக்கே" என்றாள். "கம்பெனிக்காரன் மாத்திட்டாம்மா" என்றேன். மாத்திரைதான் அவனுடைய கிருபை என்றால், அது நின்றதும் அவன் பாட்டிலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மாதம் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது மாதம் ஆயிற்று, அவன் திரும்பவில்லை.

அவனோடு டிப்பர் ஓட்டிய குருமூர்த்தி வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்க என் கடைக்கு வருவான். நண்பனைத் தனியே விட்டுவிடாதே, கூப்பிட்டுப் பார் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். அவன் கூப்பிட்டும் பார்த்தான்.

"அவன் வரமாட்டேங்கிறாண்ணே. மூடியத் தொறந்து மூக்குக்கிட்டயே நீட்டுனேன். சிரிக்கிறான். நீ குடிடா, நான் ஊறுகா திங்கிறேன்னு பக்கத்துலயே உக்காந்து மொத்த ஊறுகாயையும் தின்னுட்டுப் போறான். இனிமே அவனக் கூப்புட்டா ஊறுகாய்க்கே நான் தனியா சம்பாதிக்கணும்."

சுண்ணாம்பைத் தின்றுகொண்டு ஒருவன் குடிக்காமல் இருக்கிறான். பழைய பயம் இன்னும் போகவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. இன்னொரு விளக்கமும் உண்டு, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த நிலையில்தான் அவனைச் சபை மூப்பராக நிறுத்துவதாகப் பாஸ்டர் அறிவித்தார். அந்த இடம் நான்கு வருடங்களாகக் காலியாக இருந்தது. அது யாருக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பராக நிறுத்தப்படுகிறவருக்கு அன்றைய திருவிருந்தில் முதல் கிண்ணம் தனியாக வரும். மற்றவர்களுக்கு விரல்நுனி அளவு எவர்சில்வர் கிண்ணம், மூப்பருக்கு மட்டும் வெள்ளியில் பெரியது. அதில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, வாயிலிருந்து துப்பக் கூடாது. தரையில் சிந்தினால்கூட வெள்ளைத் துணியால் ஒற்றி, அந்தத் துணியை எரிப்போம். தகுதி இல்லாமல் அதைக் குடிக்கிறவன் தன் தண்டனையைக் குடிக்கிறான் என்று எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மலர்கொடிக்கு மறுபடியும் பழைய மாத்திரையைக் கொடுத்தேன். அவள் தயங்கினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரோட நெஞ்சு வீக்கத்துக்கு வேற திருச்சி டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. இத நிறுத்திரட்டுமா? இவருதான் இப்ப குடிக்கிறதே இல்லியே."

"நிறுத்தாதம்மா," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்."

அரியலூருக்குப் போய் ஒரு பாட்டில் பிராந்தி வாங்கினேன். பெரம்பலூரில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புதுசாண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். ஞாயிறு காலை சாறு இறக்கிவைத்த அறையில், வெள்ளிக் கிண்ணத்தை நான் நிரப்பினேன். பாதி திராட்சை, பாதி அது. நிறம் சரியாகவே இருந்தது.

அவன் வாந்தி எடுப்பான் என்றுதான் நினைத்தேன். சபை நடுவில், மூப்பர் துண்டோடு. அவ்வளவுதான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு வீக்கத்துக்கான சீட்டும் என் கடைக்குத்தான் வந்திருந்தது. அதைப் படித்தவன் நான்தான். அதனால், எதிர்பார்க்கவில்லை என்று இங்கே எழுதினால் அது இரண்டாவது தவறான விளக்கமாகிவிடும்.

அன்பழகன் முழந்தாள் போட்டுக் கிண்ணத்தை வாங்கினான். ஒரு வாய் வைத்ததும் அப்படியே நிறுத்தினான். இருபது வருடம் குடித்தவனுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விழுங்காமல் கன்னத்துக்குள் சாறு நிற்பது எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தான், தலை தூக்கி என்னைப் பார்த்தான். துப்பியிருக்கலாம். சுயசித்தம் என்று அவனுக்கு நான்தான் பாடம் எடுத்தேன், அந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு நொடிக்காகத்தான் இருந்தது. அவன் விழுங்கினான். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்துக் கொடுத்தான்.

கால் மணி நேரத்தில் காதுவரை சிவந்துவிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பின்னால் யாரோ, "தகுதியில்லாம குடிச்சிட்டான்" என்று சொன்னார்கள். அது பாய்க்குப் பாய் பரவியது. மலர்கொடி ஓடி வந்து, "அண்ணே, பாருங்கண்ணே, ஒங்களுக்குத்தான் மருந்து தெரியும்" என்றாள். நாடி பிடித்தேன். எண்ண முடியாத வேகத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது என்ன உள்ளே போயிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "நெஞ்சுவலி" என்று மட்டும் சொன்னேன். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் சாராயம் இருந்தது என்று தெரிந்ததும் சபை தீர்மானித்துவிட்டது. அன்பழகன் கள்ளத்தனமாகக் குடித்தவன், ஆண்டவர் காட்டிக்கொடுத்துவிட்டார். கிருபை போனால் திரும்ப வராது என்று அதுவரை சொல்லாத பாஸ்டர், ஒரே வாரத்தில் அதையும் கண்டுபிடித்துப் பிரசங்கம் செய்தார். மூப்பர் என்று சொல்லாமலே அடக்கம் செய்தார்கள். மலர்கொடி மட்டும் விடவில்லை. அவர் குடிக்கவில்லை, கொன்றது என் மாத்திரை என்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறாள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவு எழுதியதும், ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்மேல் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

நாடி பிடிக்கக் குனிந்தபோது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினான்.

"அண்ணே, கிண்ணத்துல சரக்கு. ஒங்களுக்கு எம்மேல என்ன கோவமோ தெரியல. பரவால்லண்ணே. நான் யார்ட்டயும் சொல்லல, நீங்களும் சொல்லிராதீங்க. புள்ளகுட்டிக்காரரு நீங்க."

மனைவியின் கையை உடைத்தவன், எழுத்துக்கூட்டி வேதம் படிக்கிறவன், என்னை மன்னித்துவிட்டுப் போனான். நான் கேட்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. பதினைந்து நாட்களாகக் கடைக்குப் போகும்போதும் பாய் விரிக்கும்போதும் அவன் கொடுத்த தயவில்தான் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு கூடவே வருகிறது. அதைச் சுமந்துகொண்டு என்னால் இருக்க முடியாது.

கொன்றது நான், தெரிந்தே கொன்றேன். முழுத் தண்டனையையும் எழுதுங்கள் சார், ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். அதையாவது யாருடைய தயவும் இல்லாமல் நானே சம்பாதித்திருக்கிறேன்.