மூண்டு நேர்த்தி, ஒரு கிடாய்

காலமை ஏழரை மணி, மூண்டு நேர்த்தி, ஒரு சின்னராசா. இதுதான் மாஸ்டர் என்ர நிலைமை. ஆர் சின்னராசாவெண்டோ? இந்தா, உங்கட குடையை நக்குறாரே, இவர்தான். ஊர்த் தலைவர் விதானையார் மாதிரி நடக்கிற நடைக்கு வைச்ச பேர். டேய், விடடா சனியனே மாஸ்டற்ற குடையை!

குறை நினையாதேங்கோ. மூதூருக்குத்தானே? லோஞ்ச் துறைக்கு வர நேரம் கிடக்கு, உந்தக் கட்டையில இருங்கோ. வாத்தியார்தானே நீங்கள்? வெள்ளை வேட்டி, பேப்பர், குடை… பாத்த உடன தெரியும். படிச்ச ஒரு ஆளைத்தான் நானும் தேடினனான்… இவன்ர காதோ? காதில புண். அதுதான் துணி கட்டினது. தொடாதேங்கோ, முட்டுவான்.

நான் தம்பிராசா. ஊர் சல்லி. போன மாசம் என்ர மகன் நிக்கலசும் ஸெய்னுதீன்ர மகன் கலீலும் எங்கட வள்ளத்தில போனவங்கள். வள்ளம் எனக்கும் ஸெய்னுதீனுக்கும் பங்கு, அவர் உங்க மூதூர்தான். பின்னேரம் காத்துத் திரும்பிச்சுது பாருங்கோ… ரெண்டு ராத்திரி ஆக்களைக் காணேல்லை. கரையில நான், மனிசி மக்டலின், ஸெய்னுதீன்.

ஓம், மனிசி வேதக்காரி. தாய்வீடு பாலையூற்று. "பூசைக்குப் போட்டு வாறன்" எண்டு அவவும் சொல்லுவா, நானும் சொல்லுவன், படலையால வெளிக்கிட்டு அவ அங்கால, நான் இஞ்சால. "சுவாமி வாறார்" எண்டு அவ சொன்னால் குசினியில தேத்தண்ணி வைக்கவேணும். நான் சொன்னால் வாசலில நிறைகுடம் வைக்கவேணும். இருவது வருசம், ஒரு சண்டை? இல்லையே! இந்தக் கிடாய்தான் குழப்பினது.

என்ன நடந்ததெண்டால்… கடலைப் பாத்து நான், "அம்மாளே, பெடியனைத் தா, இந்தக் கிடாயைத் தாறன்" எண்டனான். மனிசி அந்தோனியாரிட்ட முழங்காலில நிண்டு அதே கிடாயைச் சொல்லியிருக்கிறா. ஸெய்னுதீன் கையேந்தி, "அல்லா, பெடியள் வந்தால் இந்தக் கிடாயை அறுத்துக் கந்தூரி குடுக்கிறன்" எண்டவராம். வள்ளம் பங்கெண்டால் கிடாயும் பங்கெண்டு நினைச்சிட்டார் போல! கரையோட இருக்கிற எங்கட வீட்டு முத்தத்தில கண்ணுக்கு முன்னால இது ஒண்டுதானே கட்டி நிண்டது. ஆனால் ஆரும் ஆருக்கும் சொல்லேல்லை.

மூண்டாம் நாள் புல்மோட்டையில இருந்து தந்தி. வந்திட்டாங்கள் மாஸ்டர். பாய் கிழிஞ்சு, சொண்டு வெடிச்சு, குரலில்லாமல்… என்ர பெடியன் வாயைத் திறந்து "அப்பு" எண்டான். காத்துத்தான் வந்தது.

…ம். அதை விடுங்கோ.

அண்டைக்கு இரவு சோறு திண்டு முடியத்தான் கதை வெளிய வந்தது. மூண்டு பேரும் ஆளை ஆள் பாக்கிறம். நேர்த்தி தீராமல் வள்ளம் இறங்காது, இதில மட்டும் மூண்டு பேரும் ஒரே கட்சி! வள்ளம் கரையில கிடந்து காயுது. பெடியன் விசரன் மாதிரித் திரியிறான். களவா ஆற்றையும் தோணியில ஏறிப் போடுவான் எண்டு தாய்க்குப் பயம். எனக்கென்ன, பயமில்லையோ? போன முறை தந்தது மாதிரி இன்னொருக்காத் தருவினமோ?

சரி, நேர்த்தி எண்டால் என்னெண்டு விளங்கினாத்தானே தீர்க்கலாமெண்டு வெளிக்கிட்டன். எங்கட பூசாரியாரிட்டப் போனன். அந்த மனிசனுக்கு வேற கவலை, கோயில் கிடாய் ஒண்டைக் காணேல்லையாம், ஊரெல்லாம் தேடித் திரியிறார். அந்த அந்தரத்திலயும் சொன்னார், "நேர்த்தி கடன் தம்பிராசா. சொன்ன பொருளையே குடுக்கவேணும். வெட்டப்படாது, உயிரோட கோயில் வீதியில விடவேணும்" எண்டு.

மனிசின்ர சுவாமி, பாதிரியார், அவரிட்டப் போனன். அவை அதைப் பொருத்தனை எண்டுதான் சொல்லுறது. "கடன் எண்டு சொல்லாதை. கடவுளுக்கும் உனக்கும் என்ன யாவாரமோ? அது மனம் வைச்சுக் குடுத்த வாக்கு" எண்டார். கிடாயைத் திருநாளுக்குக் கொண்டுவா, பூசை முடிய ஏலத்தில விட்டு ஏழையளுக்குக் குடுப்பமாம்.

பேந்து ஸெய்னுதீன்ர பள்ளிவாசல் லெப்பை. அவருக்கு நேர்ச்சை. "அது வணக்கம், தம்பி. தொழுகை மாதிரி. படைச்சவனுக்கு மட்டும்தான்" எண்டார். அறுத்துச் சமைச்சு ஏழையளுக்குப் போடவேணும், நேர்ந்தவர் ஒரு துண்டும் வாயில வைக்கப்படாதாம். கூட வந்த ஸெய்னுதீன்ர முகத்தைப் பாக்கவேணும் நீங்கள்! முன்னங்கால் தனக்கெண்டு யோசிச்சு வைச்சிருந்த மனிசன்.

இப்ப சொல்லுங்கோ. ஒருத்தருக்கு இவன் வீதியில நிக்கவேணும், ஒருத்தருக்கு ஏலத்தில போகவேணும், மற்றவருக்குச் சட்டியில கொதிக்கவேணும். என்னெண்டு ஏலும்? நானும் ஒரு வழி யோசிச்சனான். முதல்ல கோயிலில விடுறது, பேந்து பிடிச்சு ஏலம், ஏலத்தில ஸெய்னுதீன் எடுத்துக் கந்தூரி. வரிசையா வைச்சால் ஒரு கிடாய் காணாதோ? சுவாமி சிரிச்சார். லெப்பை சிரிக்கேல்லை. பூசாரியார் துள்ளினார், "அம்மாளுக்கு விட்டதைத் திருப்பிப் பிடிக்கிறவன் உருப்படுவானோ?" எண்டு.

இன்னுமொரு புதினம். சொல்லு வேற, விளக்கம் வேற, ஆனால் நான் எழும்பி வரேக்க அந்த மூண்டு பேரும் ஒரே கேள்விதான் கேட்டவை. "கிடாய் உன்ர தானே? சொந்தமில்லாததைக் குடுக்கிறனெண்டால் அது செல்லாது." ஓம், என்ர தான் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல?

நாளைக்கு ஸெய்னுதீன் கந்தூரி வைக்கிறார், கிடாயைக் கொண்டுவா எண்டு ஆள் அனுப்பினவர். இது மூதூருக்குப் போனால் தான் பாலையூற்றுக்குப் போறன் எண்டு மனிசி பெட்டி அடுக்குறா. நான் நடுவில கயித்தோட நிக்கிறன். நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ மாஸ்டர், நான் கேக்கிறன்… ஐயோ, பேப்பர்! மாஸ்டர், பேப்பர்! திண்டுட்டான். பாதிதான். மற்றப் பாதியில படிக்க இருக்குது. டேய், தலையைக் கட்டையில தேய்க்காதை, துணி… துணி கழருது…

என்ன அப்பிடிப் பாக்கிறியள்?

புண்தான். ஆறிப்போச்சு.

…ஓம். வெட்டுத்தான். நீங்களும் எங்கட பக்கமோ? முதலே சொல்லியிருக்கலாமே. ஓம் மாஸ்டர், அம்மாளுக்கு நேர்ந்து விட்ட கிடாய்க்கு வைக்கிற குறிதான் அது. ஆரோ ரெண்டு வருசத்துக்கு முந்தி விட்டது. வீதியால வந்து என்ர மரவள்ளி முழுக்கத் திண்டான், நானும் வேலி அடைக்கேல்லை. நாலு நாள் கட்டி வைப்பமெண்டு கட்டினன். பேந்து அவிழ்க்க மனம் வரேல்லை. வளத்தி நல்லாயிருந்தது. சந்தையில வாங்கினது எண்டு வீட்டில சொன்னன். அந்தக் கிழமையெண்டு பாத்துக் காத்துத் திரும்பிச்சுது.

அப்ப என்ன நடந்திருக்கு? நான் அம்மாளுக்கு அம்மாளின்ர கிடாயையே தாறன் எண்டிருக்கிறன். மனிசியும் ஸெய்னுதீனும் பாவம், அவைக்குத் தெரியாது. இது ஒண்டும் செல்லாதெண்டால்… பெடியளை ஆர் தந்தது மாஸ்டர்? எதுக்காகத் தந்தது? அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை.

எங்க எழும்புறியள்? லோஞ்ச் வந்திட்டுதோ? இருங்கோ, தீர்ப்பு… சரி, சரி, போங்கோ. ஸெய்னுதீனைக் கண்டால் சொல்லுங்கோ, தம்பிராசா வேற கிடாயோட நாளைக்கு வருவானெண்டு. ரெண்டு வாங்கவேணும், அந்தோனியாருக்கும் ஒண்டு. ஒரு தோடு வித்தால் காணும். மனிசின்ரதைக் கேக்க ஏலாது, என்ர தங்கத்தைத்தான்… எனக்கெங்க தங்கம்? பாப்பம்.

டேய் சின்னரா… இல்லை, இல்லை. வாங்கோ. திரும்பி நடவுங்கோ. பூசாரியார் உங்களைத் தேடிக்கொண்டு நிக்கிறார்.

சின்னராசா என்ற கிடாய் ஏழு வருடங்களின் பின், 1969 மாசி 11ஆம் திகதி, சல்லிக் கோயில் வீதியில் முதுமையால் இறந்தது. நிக்கலஸ் அன்று கடலுக்குப் போயிருந்தான். பின்னேரம் கரைக்கு வந்தான்.