கூப்பிடாக் கல்

அது மழை பேஞ்ச காலமில்ல, மண்ணு வெடிச்சுக் கெடந்த காலம். அரமனை ஆண்ட அந்தக் காலத்துல, செவல்மேட்டுல இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஆட்டுக்கெடைக்கே தலைவி. அவ சொன்னா சொன்னதுதான்.

ஒரு மத்தியானம், வெயிலுமுத்துன்னு வெள்ளாமை செய்யுற ஒரு சம்சாரி ஓடியாந்து அவ பட்டிக்குள்ள விழுந்தானாம்.

"பெரியாத்தா, இந்தப் பஞ்சத்துல வரி கட்ட முடியாதுன்னு ஊருக்காகப் பேசுனேன். மறுநாளே அரமனைக் களஞ்சியத்துக்குத் தீ வச்சவன்னு தேடுறாக. பிடிச்சா கழுவுல ஏத்திருவாக."

"வச்சியா?"

"வைக்கல ஆத்தா."

"வச்சியோ வைக்கலையோ, நான் பாக்கல. ஆனா குத்தம் சொல்றவனே தீர்ப்பும் சொல்ற எடத்துக்கு ஒன்ன அனுப்ப மாட்டேன். உக்காரு, கஞ்சி குடி."

பின்னாலயே வந்தாராம் அரமனைப் படைய நடத்துற தளவாய், ஈட்டிக்காரங்களோட. "அவன வெளிய அனுப்பு!"

இருளாயி எந்திரிக்கவே இல்லையாம். "எங்க பட்டிக்கு ஒரு வழக்கம் இருக்கு சாமி. வேத்து ஆடு உள்ள வந்துட்டா, சொந்தக்காரன் அந்தா அந்தக் கல்லுகிட்ட நின்னு கூப்பிடணும். கொரல் தெரிஞ்சு போனா அவனோடது. போகலைன்னா இங்கதான் இருக்கும். கூப்பிடுங்க."

தளவாய் கூப்பிட்டாராம். வெயிலுமுத்து அசையல. பட்டிய மிதிக்கவும் அவருக்கு யோசனை. கெடை போட ஆடு வரலைன்னா அரமனை வயலுக்கு எரு ஏது? யோசிச்சாராம், யோசிச்சுச் சிரிச்சாராம். மறுநாள் வந்தாரு, வெயிலுமுத்தப் பெத்த சடைச்சிய இழுத்துக்கிட்டு.

இருளாயி தனக்குள்ளயே சொல்லிக்கிட்டாளாம். அடப்பாவி, என் வாயாலேயே வழி காட்டிட்டேனே! தாய் கூப்பிட்டா அவன் போவான். போனா மறிக்க எனக்கு வழக்கமில்லையே!

சடைச்சி கல்லுகிட்ட நிக்கிறா. முதுகுல ஈட்டி. "கூப்பிடு கெழவி!" உள்ள மகன் எந்திரிச்சு நின்னுட்டானாம். அவன ஏற எறங்கப் பாத்தாளாம் அவ.

"யாரக் கூப்பிடச் சொல்றீக? இவன் எம் மகன் இல்ல. எனக்குப் புள்ளையே கெடையாது."

"அம்மா"ன்னு கத்தப் போனவன் வாய இருளாயி ரெண்டு கையாலயும் பொத்தினாளாம். சடைச்சி அழல. திரும்பியும் பாக்கல. வந்த வழியே நடந்து போயிட்டாளாம். கூப்பிட வேற கொரல் இல்லாம தளவாயும் போனாராம்.

வெயிலுமுத்து அங்கேயே ஆடு மேச்சுப் பொழச்சான். நாமெல்லாம் அவன் வகையறாதான். சடைச்சி சாகுற வரைக்கும் அவன் பேர வாயெடுத்துச் சொல்லலையாம். பாவி மக, எப்படித்தான் தாங்குனாளோ!

அதான் அது கூப்பிடாக் கல்லு. இன்னைக்கும் அந்த எடத்துல யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாக. புள்ள முன்னால ஓடுச்சுன்னா, தாய்க்காரி பின்னாலயே ஓடிப்போயி கையப் பிடிச்சுத்தான் கூட்டியாருவா.