வழுக்காத குளியலறை

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! "சுருக்கமாகப் பேசுப்பா" என்று என் காதில் சொல்லிவிட்டு, தாம் மட்டும் நீட்டி முழக்கிவிட்டு அமர்ந்திருக்கும் நம் சங்கச் செயலாளர் அவர்களே! வயதில் மூத்த, வாதத்தில் அதைவிட மூத்த பெரியோர்களே! வேலை முடிந்த அலுப்போடு வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நியாயத்துக்காக நிற்கும் இளைஞர்களே! முதல் வரிசையில் அமர்ந்து, நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் குறுக்கே பேசக் காத்திருக்கும் என் உடன்பிறந்த அக்காள் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

அக்காள் கையை ஆட்டுகிறார். சரி அக்கா, விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"வேலையில் காயம்பட்டோரின் உரிமைகள்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். நானோ குளியலறையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! இந்த ஊரில் புலி உண்டா? இல்லை. பூகம்பம் உண்டா? இல்லை. புதைகுழி உண்டா? அதுவும் இல்லை. ஆனால் நம் ஆஸ்பத்திரி டாக்டரைக் கேளுங்கள். இந்த ஊரிலேயே கொடிய இடம் குளியலறை என்பார்! நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் யாருக்கு முழங்கை முறிந்தாலும் குளியலறை. முதுகு பிடித்தாலும் குளியலறை. கொதிக்கும் பசை கொட்டிக் கை வெந்தாலும் குளியலறை! குளியலறையில் பசை காய்ச்சும் குடும்பம் எது, எனக்குக் கொஞ்சம் காட்டுங்கள்!

ஏன் இந்தப் பொய்? தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை இருந்ததே, "விபத்து இல்லாத நாட்கள்" என்று! தினம் ஓர் எண் ஏறும். நூற்றைத் தொட்டால் ஆளுக்கொரு குக்கர். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? விபத்து நிற்கவில்லை ஐயா, விபத்தைச் சொல்வதுதான் நின்றது. பலகையில் எண் ஏற ஏற, நம் கைகால்களில் கட்டும் ஏறியது!

இப்போது என் அத்தானிடம் வருகிறேன். என் அக்காளின் கணவர். அட்டையில் மடிப்புக்கோடு போடும் உருளை இயந்திரத்தில் வேலை. வாயில்லாப் பூச்சி. என் அக்காளைக் கட்டிக்கொண்டவர் வேறு எப்படி இருக்க முடியும்? முறைக்காதே அக்கா, கூட்டமே தலையாட்டுகிறது!

அந்த உருளைக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடி உடைந்து, கம்பியால் கட்டிக் கிடந்தது. பலகை நூற்றை நெருங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு குக்கருக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கம்பி அறுந்தது, மூடி நழுவியது, அத்தானின் வலக்கை விரல்கள் இரண்டு உருளைக்குள் போயின. ரத்தம் கொட்டுகிறது. அப்போது கூடி நின்ற கூட்டத்தில் முதலில் கேட்ட குரல் என்ன தெரியுமா? "ஐயோ, வலிக்குதா?" அல்ல. "ஐயோ, குக்கர்!"

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா. உன் ஒருத்தனால எல்லாருக்கும் நஷ்டம் வேணாம்." அத்தான் தலையாட்டினார். அவருக்கு வேறென்ன தெரியும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "எப்படி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, டாக்டர்."

செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்த என் அக்காள் காதில் இது விழுந்தது.

"எந்த பாத்ரூம்ல?"

"நம்ம வீட்டு…"

"நம்ம வீட்டு பாத்ரூமா? தினம் முதுகொடியத் தேய்ச்சுக் கழுவுறேன். இதுவரைக்கும் ஒரு எறும்பு வழுக்கி விழுந்திருக்கா? டாக்டர், இவர் கையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல என் பாத்ரூமை வந்து பாருங்க!"

என்னவென்று சொல்வேன்! கணவன் கை நசுங்கிக் கிடக்கிறது. ஆனாலும் தன் குளியலறையின் மானத்துக்கு வழக்காடுகிறாள் என் அக்காள்! டாக்டர் அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்க பாத்ரூம் நிரபராதிம்மா. விரலெல்லாம் அட்டைத் தூளு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வீட்டுல விழுந்ததா எழுதினா வைத்தியச் செலவு உங்க தலையில. படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் இல்லை. இந்த விரல் மடங்காமலே போனாலும் கேட்க நாதி இல்லை. வேலையில பட்டதுன்னா, இதுக்கெல்லாம் வேலை கொடுத்தவங்க பொறுப்பு. உண்மையைச் சொல்லுங்க."

அத்தான் தலை குனிந்தார். "எல்லாரோட குக்கரும் போயிடுமே," என்றார்.

அக்காளின் கோபம் அத்தனையும் கரைந்தது. கண்ணீரோடு சொன்னாள்: "சோறு எதுலயும் வேகும்ங்க. விரல் எங்கங்க முளைக்கும்?"

தாய்மார்களே, எத்தனை மேடை ஏறியிருக்கிறேன், எத்தனை முழக்கம் எழுப்பியிருக்கிறேன்! அந்த ஒரு வரிக்கு ஈடாக நான் எதுவும் பேசியதில்லை. அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "ரோலர்ல மாட்டிக்கிச்சு, டாக்டர்" என்றார்.

மறுநாள் பலகையில் பூஜ்ஜியம். வாசலில் முகங்கள் எல்லாம் கோணின. நேற்றுவரை "அண்ணே" என்றவர்கள் இன்று என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். அப்போது வந்தாள் என் அக்காள், இடுப்பில் தன் சொந்தக் குக்கரோடு!

"இவரால யாருக்குக் குக்கர் போச்சோ, வந்து வாங்கிக்கங்க. விசில் கொஞ்சம் மக்கர் பண்ணும். மத்தபடி நல்லா வேகும்."

நீண்டதா ஒரு கை? இல்லை! பசைப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். சட்டைக் கையை மேலே ஏற்றி, வெந்து சுருங்கிய தோலைக் காட்டினார். "நானும் பாத்ரூம்ல விழலைம்மா," என்றார். அவருக்குப் பின்னால் மூட்டை தூக்கி முதுகு போனவர். அவருக்குப் பின்னால் முழங்கை முறிந்தவர். ஊர்க் குளியலறைகள் அத்தனையும் அன்று ஒரே நாளில் விடுதலையாயின!

என்ன, பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "குக்கர் வந்துச்சா?" வரவில்லை ஐயா! பலகை இறங்கியது, இரும்பு மூடி ஏறியது. அத்தானுக்கு வைத்தியச் செலவும், ஓய்வு நாளின் ஊதியமும், மடங்காத விரல்களுக்கு இழப்பீடும் வந்தன. சும்மா வந்தனவா? செருப்புத் தேய நடந்தோம், சேர்ந்து நடந்தோம், அதனால் வந்தன.

அது பிச்சையா? இல்லை! பரிசா? இல்லை! பெரிய மனதா? இல்லவே இல்லை! உழைக்க வந்தவன் உடம்பைக் கொண்டுவந்தான். அந்த உடம்பு உடைந்தால் ஈடு செய்வது உழைப்பை வாங்கியவரின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை! ஆகவே கெஞ்சாதீர்கள், கூசாதீர்கள், நாள் கடத்தாதீர்கள். அடிபட்ட அன்றே, அடிபட்ட இடத்தைச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்தால் வீடென்று சொல்லுங்கள், வேலையில் விழுந்தால் வேலையென்று சொல்லுங்கள். பாவம், வாயில்லாத குளியலறை மேல் பழி போடாதீர்கள்!

அக்காள் எழுந்துவிட்டார், நான் முடித்தாக வேண்டும். அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அத்தான். இந்த நேரம் முழுக்க அவர் கைதட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் விரல் இரண்டு மடங்காத கை, சத்தம் மேடைக்கு எட்டவில்லை. ஆகவே எனக்காக வேண்டாம், அந்த இரண்டு விரல்களுக்கும் சேர்த்து நீங்கள் தட்டுங்கள்! தொழிற்சாலை வாசல்வரை கேட்கத் தட்டுங்கள்!

கேட்டது, கேட்டது! பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், பேச்சு தந்த என் அக்காளுக்கும் நன்றி சொல்லி, பத்து விரலும் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!