வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைச் சரித்திரம்

வேதமணி: யாரது... பொன்னுராஜ் சாரா? என்ன சம்பந்தி, காலங்காத்தால வத்திராயிருப்புல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு... அதுவும் ரத்தம் எடுக்குற லேபுக்கு?

பொன்னுராஜ்: நீங்க ராஜபாளையத்துல இருந்து வந்திருக்கீகளே. மொதல்ல அதைச் சொல்லுங்க.

வேதமணி: நானா... நம்ம பட்டறை பேண்டேஜ் துணி இவுகளுக்கு வேணுமான்னு கேக்க வந்தேன்.

பொன்னுராஜ்: கையில துணி ஒண்ணையும் காணோமே.

வேதமணி: சாம்பிள் பொறவு வரும். நீங்க?

பொன்னுராஜ்: ரிட்டையர் ஆனாலும் பள்ளிக்கூடத்துல விடமாட்டேங்காக. ஆண்டு விழாவுல சர்க்கரையோட சரித்திரத்தைப் பேசணுமாம். இங்க விசாரிச்சா ரெண்டு தகவல் கிடைக்கும்னு...

வேதமணி: சரித்திர வாத்தியாருக்கு லேப்ல தகவலா? சரி, எதுத்தாப்ல ஒரு காபி குடிச்சுக்கிட்டே பேசுவோம், வாங்க.

பொன்னுராஜ்: எனக்கு வேண்டாம், வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீங்க குடிச்சுட்டு வாங்க.

வேதமணி: எனக்கும்... செத்த நேரம் போகட்டும். நீங்க சரித்திரத்தைச் சொல்லுங்க.

பொன்னுராஜ்: கரும்பு நம்ம ஊருப் பயிரே இல்ல. நியூகினின்னு ஒரு தீவு, அங்க இருந்து வந்தது. சாறைக் காய்ச்சிக் கட்டியாக்குனது நம்ம நாட்டுக்காரன். சீனாக்காரன் ஆள் அனுப்பி, இங்க வந்து படிச்சுட்டுப் போனான்.

வேதமணி: அப்ப நாம ஏன் சீனின்னு சொல்லுதோம்?

பொன்னுராஜ்: அதான் கூத்து. அவன் வெள்ளையாக்கி நமக்கே திருப்பி வித்தான். படிச்சுட்டுப் போனவன் பேரையே சரக்குக்கு வச்சுட்டோம்.

வேதமணி: ம்... அந்த லேப் புள்ள ஸ்வீட்லின் வருதா?

பொன்னுராஜ்: பேரெல்லாம் தெரியுதே.

வேதமணி: சட்டையில எழுதிக் குத்தியிருக்குல்ல... நீங்க மேல சொல்லுங்க.

பொன்னுராஜ்: கொலம்பஸ் கப்பல்ல கரும்பு அக்கரைக்குப் போச்சு. அதை வெட்ட ஆப்பிரிக்காவுல இருந்து ஆளுகளைச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனாக. அடிமை முறை ஒழிஞ்சதும் நம்ம சனத்துக்கு ஆசை காட்டி மொரீசியஸ், பிஜின்னு கப்பலேத்துனாக. எம்புட்டுப் பேரு ரத்தத்தை உறிஞ்சுன சரக்கு தெரியுமா?

வேதமணி: இப்ப என்னடான்னா நம்ம ரத்தத்துலயே ஏறி உக்காந்துக்கிட்டு...

பொன்னுராஜ்: நம்ம ரத்தமா... யாரு ரத்தம் சம்பந்தி?

வேதமணி: பொதுவாச் சொன்னேன்.

ஸ்வீட்லின்: வெறும் வயித்துல சுகர் டெஸ்ட்டு... வேதமணி யாரு? கையை நீட்டுங்க ஐயா.

பொன்னுராஜ்: அப்படியா சங்கதி. நிச்சயதார்த்தத்துல பாஸ்டரை வச்சுக்கிட்டே கேட்டேன், உங்க வழியில சுகர் உண்டான்னு. தலைமுறைக்கே கிடையாதுன்னீக.

வேதமணி: பொண்ணைக் கட்டிக்குடுக்கிறவன் வேற என்ன சொல்லுவான்... பத்து வருசமா மாத்திரை.

ஸ்வீட்லின்: அடுத்தது பொன்னுராஜ். நீங்களும் ஒண்ணும் சாப்பிடலைல ஐயா?

வேதமணி: ஓ... ஆண்டு விழாவுல பேசுறவுகளுக்கு ஊசி வேற குத்துவாகளோ? அன்னைக்கு எங்க வழியிலயும் இல்லன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னது யாரு?

பொன்னுராஜ்: பன்னண்டு வருசம் ஆச்சு... சொந்தத்துல உங்க மகளுக்கு மட்டுந்தான் தெரியும். மாத்திரை அட்டையைப் பாத்துட்டா.

வேதமணி: ஜாஸ்மினுக்கா? என்னைய இந்த லேபுக்கு அனுப்புனதே அவதான். "அங்க போங்கப்பா, தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணும் வராது"ன்னா.

பொன்னுராஜ்: எங்கிட்டயும் அதேதான் சொன்னா சம்பந்தி. "சரியா ஏழு மணிக்குப் போயிருங்க மாமா"ன்னு நேரமும் அவதான் குறிச்சுக் குடுத்தா.